நிரம்பாத சஹன்

திரை அசையவில்லை.

மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. றமீஸா அதையே பார்த்தாள்.

மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடையின் மேல்மாடியில் கணினி வகுப்பு. அன்று அங்கே டிப்ளோமா செய்முறைத் தேர்வு. கண்டியிலிருந்து வந்த பரீட்சகர் மார்ஜரி மிஸ்ஸின் பஸ்ஸை வழியில் ஆமிக்காரர்கள் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்ததில், காலையில் தொடங்க வேண்டியது பகல் தொழுகைக்குப் பிறகுதான் தொடங்கியது.

இன்று சித்தியடையாவிட்டால் இனி அடுத்த வருஷம். கண்டியில் அவளுக்குத் தருவதாகச் சொன்ன வேலை அதுவரை காத்திருக்காது.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கீழே த்ரீவீலில் காத்திருந்த யாகூப் நானா பொறுமை போய் ஹோர்ன் அடித்தார்.

அவள் எழுதியிருந்தது கலியாண வீட்டுக்கான ஜாவா புரோகிராம். விருந்தாளிகளை ஆறாறு பேராகச் சேர்த்து, ஒவ்வொரு சஹனையும் சுற்றி உட்காரவைக்கும். ஒரே பெரிய தட்டில் ஆறு பேரும் கை போட்டுச் சாப்பிடுவார்கள்.

"பெயர்களை வரிசையா வைக்க லிஸ்ட் இருக்கே, ஏன் செட் எடுத்தீங்க?" என்று மிஸ் முதலிலேயே கேட்டிருந்தார்.

"சஹன்ல முதலாம் ஆள், கடைசி ஆள் எண்டு இல்ல மிஸ். வட்டமாத்தானே இரிக்கிறது. ஒரே ஆள் ஒரு சஹன்ல ரெண்டு தரம் குந்தவும் ஏலாது."

மிஸ்ஸின் உதட்டோரம் கொஞ்சம் இளகியது.

புரோகிராமை ஓடவிட்டாள். ஆண்கள் பக்கம் சஹன் சஹனாக நிரம்பி மேலே ஏறியது. பெண்கள் பக்கமும் அப்படித்தான். கடைசிச் சஹனில் வந்து நின்றுவிட்டது.

"மெஷின் ஸ்டக் ஆகிருச்சு" என்றார் மிஸ். பேனை புள்ளித்தாளுக்கு மேல் வந்து நின்றது.

ஸ்டக் ஆகவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்துகொண்டிருந்தது. ஆறு பேர் சேராத சஹனில் சோறு வைக்காதே, ஆள் வரும்வரை காத்திரு.

எந்தக் கலியாண வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் வாசலுக்குப் போய், "வாங்க மச்சி, ஒரு ஆள் குறையுது" என்று யாரையாவது இழுத்துவர மெஷினுக்கு எங்கே தெரியும்.

ஒரே பெயரை இரண்டு தடவை போட்டிருந்தால் செட் ஒன்றை விழுங்கியிருக்கும். பார்த்தாள். அப்படி இல்லை. அந்தச் சஹனில் நூருன்னிஸா, றாபியா, பீபி, இன்னும் இரண்டு பேர். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒட்டித் திரியும் கூட்டம். வேறு சஹனில் பிரித்துப் போட்டால் சாப்பிடாமலே எழும்பிப் போய்விடுவார்கள்.

அப்ப, யார் குறையுது?

இரண்டு கிழமையாக மண்டபம் நிறைய ஆட்களை யோசித்து யோசித்துப் போட்டவள். உக்குவளைப் பெரியம்மாவின் மருமகளின் தங்கச்சியைக்கூட விடவில்லை.

திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கீபோர்டுக்குக் கையை நீட்டினாள். நேற்று வைத்த மருதோன்றி விரல்நுனியிலிருந்து மணிக்கட்டு வரை செக்கச்செவேல் என்றிருந்தது.

ஒரு பெயரை அடித்தாள்.

கோடு மினுங்குவதை விட்டது. கடைசிச் சஹன் நிரம்பி, விருந்து முடிந்தது.

மிஸ் திரையில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு அவளுடைய பரீட்சைச் சுட்டெண் அட்டையில் இருந்த பெயரை. பிறகு அந்தக் கைகளைப் பார்த்தார்.

'சித்தி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"சொந்தக் கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டு, பொண்ண விட்டுட்டீங்களேம்மா."