சும்மா விட்ட கை

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னறையில், பச்சைத் திரைக்குப் பின்னே அவள் மல்லாந்து படுத்திருக்கிறாள். இரண்டு பாதங்களிலும் இடது கையிலும் அக்குபங்சர் ஊசிகள், மயிரிழையாய், ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்குகின்றன. வலது கையில் மட்டும் ஊசி இல்லை. "போன் வந்தா எடுக்கணும் சிஸ்டர்" என்று முதல் நாளே கெஞ்சி வாங்கிய சலுகை அது. தலைவலியோ வாராவாரம் அவளோடு வந்து அவளோடே வீடு திரும்புகிறது. பக்கத்துக் கட்டிலில் மூட்டுவலிக்காரர் குறட்டை விடுகிறார். கொடுத்துவைத்த மனிதர். அவள் கண்ணை மூடுகிறாள். புருவங்களுக்கு நடுவே இறுகிய முடிச்சு மெல்ல நெகிழத் தொடங்கும்போது, வயிற்றின்மேல் போன் அதிர்கிறது. கணவன்.

"என் நீலச் சட்டை எங்க?"

"கொடியில. ஊசியோட படுத்திருக்கேங்க."

"பேச முடியுதுல்ல? எந்தக் கொடி?"

"நம்ம வீட்ல எத்தனை கொடி இருக்கு?"

குறட்டை நின்றுவிடுகிறது. முடிச்சு பழையபடி இறுகுகிறது. போனை வைத்த கை வயிற்றுக்கு இறங்குவதற்குள் மறுபடி அழைப்பு. "இஸ்திரி போடலையே?"

சிஸ்டர் திரையை விலக்குகிறார். "இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா ஊசி என்னம்மா செய்யும்? பாவம், அதுவும் எவ்வளவுதான் போராடும்?"

மூன்றாம் முறையாகப் போன் அதிர்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். பிறகு வலது கையை சிஸ்டரிடம் நீட்டுகிறாள்.

"இதுலயும் குத்திடுங்க."

ஊசி இறங்குகிறது. "அசையக் கூடாது" என்கிறார் சிஸ்டர். போன் அதிர்ந்து அதிர்ந்து வயிற்றிலிருந்து வழுக்கி, கட்டில் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அவள் அசையவில்லை.