தெம்பு மாத்திரை

முதுகுத்தண்டிலிருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. உள்ளே தேங்கி நரம்பை அழுத்தியதில் இரண்டு கால்களும் மரத்துப்போயின.

"நடந்து வந்த மனுஷன் டாக்டர். உங்களை நம்பித்தானே ஒப்படைச்சேன்?" என்று சர்ஜனைப் பிடிபிடியென்று பிடித்தாள் மனைவி.

"ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடறாரான்னு அன்னிக்கே கேட்டேனேம்மா. நீங்கதான் இல்லைன்னீங்க."

"அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. தினம் ஒரு வைட்டமின், அதுவும் என் கையாலதான்." கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

சர்ஜன் ஒரு மாத்திரையை எடுத்து அதில் பொறித்திருந்ததைப் படித்தார். "இது வைட்டமின் இல்லைம்மா. இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்களுக்குக் குடுக்கறது. ரத்தத்தை உறைய விடாது."

அவள் பின்னால் நின்ற கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அவன்தான் மாதாமாதம் அந்த டப்பாவைக் கொண்டுவந்து தருபவன்.

"போன வருஷம் வெளியூர் போனப்ப ஸ்டென்ட் வச்சது அண்ணி. நீங்க பயந்துடுவீங்கன்னு அண்ணன்தான் வைட்டமின் டப்பாவுல போட்டுத் தரச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்திக்கறேன்னும் சொன்னார்."

அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

"ஆபரேஷனுக்குத் தெம்பு வேணுமேன்னு போன வாரம் முழுக்க ரெண்டு ரெண்டா குடுத்தேன். ஒண்ணும் சொல்லாம, சிரிச்சுக்கிட்டே முழுங்கினாரே தம்பி."