பூ அறுபத்து நாலு

“மேடம், இது பச்சை மோசடி!”

மூச்சு வாங்கியபடி கதிரேசன் ஒரு காலண்டரை ஜென்சியின் மேசைமேல் போட்டார். ஜென்சி கீழ்வீட்டுக்காரர், கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை.

இரும்புலியூரில் லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் குடியிருப்பு அது. தினமும் காலையில் யாராவது மொட்டை மாடி ஏறித் தொட்டியில் தண்ணீர் பார்க்க வேண்டும். இந்த வருடம் அந்தப் பொறுப்பு கதிரேசனுக்கும் எதிர்வீட்டு வில்பிரட்டுக்கும். ரிட்டயரான வில்பிரட் விடிந்ததும் தன் வீட்டிலேயே காசு சுண்டி, விழுந்ததைச் சொல்லிக் காலண்டரில் குறிப்பார். தலை விழுந்தால் அவர் ஏறுவார். பூ விழுந்தால் கதிரேசன்.

“நூறு நாள்ல பூ அறுபத்து நாலு! அவரே தன் கையால குறிச்சு வெச்சிருக்காரு. ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற மனுஷன்!”

ஜென்சி தாளில் குன்றத்தூர் மலை மாதிரி ஒரு வளைவு வரைந்தார்.

“உச்சியில ஐம்பது சார். நூறு தரம் சுண்டினா அஞ்சு கூடலாம், குறையலாம். பத்துகூட எப்பவாவது நடக்கும். ஆனா அறுபத்து நாலோ அதுக்கு மேலயோ வர்றதுன்னா... ஆயிரத்துல மூணு வாய்ப்புதான்.”

“அப்ப திருட்டுதான்!”

வில்பிரட் வாசலிலேயே வழிமறிக்கப்பட்டார். காலண்டரை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“அறுபத்து நாலு சரிதான் தம்பி” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“இனிமே என் சம்சாரம் சுண்டுவா. காசைக் குடுங்க!”

கொடுத்துவிட்டார்.

எட்டாம் நாள் காலை, கதிரேசனின் மனைவி தீபலட்சுமி ஜென்சியிடம் ஓடி வந்தாள்.

“அக்கா, அவர் இப்ப கணக்குக் கேட்க வருவாரு. சுகர் இருநூத்திப் பத்து இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னா, குன்றத்தூர் மலைக்கோயில்ல படிக்குக் கீழேயே நின்னு கும்பிட்டவரு இவரு. எது விழுந்தாலும் பூன்னு சொல்லுங்கன்னு நான்தான் வில்பிரட் அண்ணன்கிட்ட கெஞ்சினேன். பாவம், வாரத்துக்கு ரெண்டு நாள்தான் பொய் சொல்வேன், மத்த நாள் விழுந்தது விழுந்தபடின்னு கண்டிஷன் போட்டாரு.”

“இப்ப சுகர்?”

“நூத்தி முப்பது!”

“நீ எத்தனை நாள் பொய் சொல்ற?”

“எனக்கு அந்தக் கண்டிஷன் எல்லாம் இல்லக்கா” என்று பின்வாசல் வழியே மறைந்தாள்.

முன்வாசலில் கதிரேசன். இந்த முறை மூச்சு வாங்கவில்லை.

“மேடம், ஏழு நாள்! ஏழும் பூ! வளைவைப் போடுங்க!”

ஜென்சி பேனாவை மூடி வைத்தார்.

“ஏழு நாளை வெச்சு அந்த வளைவைப் போட முடியாது சார். இன்னும் ஒரு நூறு நாள் ஏறிட்டு வாங்க, பார்க்கலாம்.”