துடுப்பில் கட்டிய சட்டை

யுத்தத்தின் நான்காம் வருடம், கரையோரத்தில் நடந்த அந்தச் சண்டை அரை மணி நேரத்தில் ஓயும் நிலைக்கு வந்துவிட்டது. எதிரிப் படகு தீப்பிடித்துச் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் தளத்தில் ஒருவன் துடுப்பில் வெள்ளைச் சட்டையைக் கட்டி ஆட்டுவது, தங்கள் படகிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த சிங்கராயனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் காலடியில் தம்பி லாசர் கிடந்தான். எதிரிகள் சுட்ட முதல் குண்டிலேயே அவன் உயிர் போயிருந்தது.

“சரணடையறானுங்களாடா?” என்று கேட்டார் கேப்டன்.

“இல்லைங்க ஐயா. பீரங்கிய நம்ம பக்கம் திருப்புறாங்க.”

கேப்டன் உத்தரவிட, இவர்கள் மறுபடியும் சுட்டார்கள். புகை விலகியபோது அங்கே படகு இல்லை. கேப்டன் தொலைநோக்கியை வாங்கி வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு குனிந்து, லாசரின் முகத்தைப் போர்வையால் மூடினார்.

“நீ சொன்னதத்தான் அறிக்கையில எழுதப்போறேன். வேற ஏதாவது சொல்லணுமா?”

சிங்கராயன் குனிந்து போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தான். கேப்டன் அங்கேயே நின்றார்.