புகையில்லா உலை

நஞ்சன்கூடு சாலையிலிருந்த தன் கரி ஷெட்டின் முன் போலீஸ் ஜீப் வந்து நின்றதும், மனோன்மணி லைசென்ஸோடு வெளியே ஓடிவந்தாள்.

"சார், இது கஞ்சா இல்ல, அதே ஜாதியில போதையில்லாத ஹெம்ப் செடி. தண்டைக் கரியாக்கி வயலுக்கு உரமாக் குடுக்கறேன். லைசென்ஸ் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் சோமண்ணா காதில் வாங்காமல் உலையையே சுற்றி வந்தார்.

"ஏம்மா, இதுல எரிச்சா புகை வெளியே வராதாமே? வாசனையும்?"

"ரெண்டும் வராது சார்." சொன்ன பிறகுதான், வம்பில் மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது.

அவர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள்கள் ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்கிப் பிரித்தார்கள். அத்தனையும் கஞ்சா!

"ஐயோ சார், இது என்னுது இல்ல!" என்று அலறினாள்.

"தெரியும்மா. நாங்க பிடிச்சதுதான். கோர்ட்டு எரிக்கச் சொல்லிருச்சு. போன தடவை மைதானத்துல போட்டு எரிச்சோம்..." சோமண்ணா குரலைத் தாழ்த்தினார். "எஸ்.பி. வந்து திட்டத் திட்ட, மொத்த ஸ்டேஷனும் சிரிச்சுக்கிட்டே நின்னோம்மா!"