காவல் பெட்டி

கீ... கர்ர்ர்... கீங்.

அந்தக் காலத்தில் இன்டர்நெட் வரும்போது மோடம் இப்படித்தான் கத்தும். தம்பி திருட்டுத்தனமாக அதைப் போட்டால், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் அக்காவுக்குக் கேட்டுவிடும். “டேய், போனுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்டா, நிறுத்து!” என்று அங்கிருந்தே குரல் வரும். பாம்புச் செவி அவளுக்கு.

இருபத்தைந்து வருஷம் கழித்து, அந்த அக்காதான் இப்போது கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். தம்பி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன்.

“உங்க காலேஜ்ல யாரு எதைப் பார்க்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமாமே?”

“ஃபயர்வால்னு ஒண்ணு இருக்குக்கா. யாரு எந்தப் பக்கம் போனாங்கன்னு அது குறிச்சு வைக்கும்.”

“அதுல ஒண்ணு இங்க வை.”

“வீட்டுக்கு எதுக்குக்கா?”

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“உங்க மாமா தினமும் காலையில அஞ்சு மணிக்குப் பின் ரூமுக்குள்ள போயிடறார். லேப்டாப்புல ஒரு பொம்பளையைப் பார்த்து நெஞ்சுல கை வைக்கிறார், விரலை ஆட்டறார். நான் போனா டப்புனு மூடறார். மூணு மாசமா நடக்குது.”

“மாமாவா? அச்சாபீஸ் மெஷினைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷனாச்சே!”

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுதான் ஊரே கேட்கும். எனக்கு ஆதாரம் வேணும். கிடைச்சுதுன்னா உன் வீட்டுக்கு வந்துடறேன். துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு.”

கட்டிலுக்கடியில் சூட்கேஸ் தெரிந்தது. இருபது வருஷக் குடித்தனம்.

“ஒரு குட்டி கம்ப்யூட்டர் போதும்க்கா. மினி பிசி. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். ஆனா கேபிள் செருக ரெண்டு வாய் வேணும். வெளியில இருந்து வர்ற லைன் ஒண்ணுல, வீட்டுக்குள்ள போறது இன்னொண்ணுல. நடுவுல இது வாட்ச்மேன். ஃபேன் இல்லாததா வாங்கிட்டா சத்தமே போடாது. வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசமா? அதுக்குள்ள அவ இங்கயே குடி வந்துடுவா. கையில கிடைக்கிறதைக் கொண்டா.”

கையில் கிடைத்தது, கல்லூரியில் கூட வேலை பார்க்கிறவர் உபயோகித்து ஒதுக்கியது. ஃபேன் உள்ளது. மறுநாள் தம்பி அதைக் கூடத்து அலமாரியில், அக்கா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே பொருத்தினான். ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் அது இழுத்தது.

“பழசுக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்றான், கேபிளைச் செருகிக்கொண்டே.

“பழம் எதுக்குடா இப்ப? அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு முணுமுணுக்காதே. பெரியவங்ககிட்ட முகத்தைப் பார்த்துப் பேசு.” பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். “நல்ல பெட்டிடா. இருக்கிற இடமே தெரியல.”

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் தம்பி.

சாயங்காலம் மாமா உள்ளே வந்ததும் நின்றார்.

“என்ன மச்சான், வீட்டுக்குள்ள லாரி விட்டிருக்கே?”

“வைரஸ் வராம இருக்க மாமா...”

அக்கா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா அவளையே ஒரு கணம் பார்த்தார்.

“சரி, இருக்கட்டும். ஓடட்டும்.”

இத்தனை சுலபத்தில் அவர் விட்டுக்கொடுத்தது தம்பிக்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. மாமா அச்சகத்தில் இருந்த ஒரு மத்தியானம், தம்பி பெட்டியின் குறிப்புகளைத் தன் லேப்டாப்பில் திறந்தான். அக்கா எதிரில் உட்கார்ந்து அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருடா அவ? சொல்லு, தாங்கிக்கறேன்.”

தினமும் ஐந்திலிருந்து ஆறு வரை. ஒரே முகவரி. தம்பி அதைத் தட்டினான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கம் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு டீச்சர், வாயே திறக்காமல், நெஞ்சில் கை வைத்து விரல்களை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“இவதான்! இதே கண்ணாடி!” அக்கா எழுந்துவிட்டாள்.

தம்பி கீழே இருந்த வரியைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

‘சைகை மொழிப் பாடங்கள். செவித்திறன் குறைந்துவரும் வாழ்க்கைத் துணையோடு பேசப் பழகுங்கள்.’

“அட ராமா, இவ்வளவுதானா!” அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் சிரித்தாள். “பாவி மனுஷன், என்னை என்னென்னமோ நினைக்க வச்சுட்டாரே! எனக்கு உயிரே வந்துச்சுடா.”

திரும்பவும் அந்த வரியைப் பார்த்தாள்.

“ஆமா... யாருக்குடா காது கேக்கல?”

தம்பி அவள் கையைப் பிடித்து அலமாரிப் பெட்டியின் மேல் வைத்தான். உள்ளங்கைக்குக் கீழே அது அதிர்ந்தது.

“ஒரு வாரமா கத்துதுக்கா,” என்றான், அவள் முகத்துக்கு நேராக.

அக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே சொன்னாள்:

“போன வருஷம் காது டாக்டரைப் பார்க்கலாம்னார். நான் என்ன கிழவியான்னு பத்து நாள் அவரோட பேசல. அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல.”

அக்காவின் இடது காதில் இப்போது கருவி இருக்கிறது. வலது காதுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் உட்கார நேர்ந்தால் மாமா கையால் பேசுகிறார்.