மாமியார் போட்ட முக்காடு

கசோண்டேக்குச் சுரங்கத்தில் வேலை போன பத்தாம் நாள், அவனுடைய மாமியார் கசாமாவிலிருந்து மூட்டையும் கையுமாக வந்து இறங்கினாள்.

எதிரே மருமகனைக் கண்டதும் தோளில் கிடந்த துணியை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். வாசல் பக்கமே வராமல், வேலியைச் சுற்றிக் கொல்லை வழியாக வீட்டுக்குள் போனாள்.

சுரங்க ஊரான முஃபுலிராவில் எங்கள் தெரு மொத்தமும் அதைப் பார்த்தது.

எங்கள் பெம்பா சனத்தில் புது மாப்பிள்ளையும் மாமியாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. கோழி அடித்து விருந்து வைத்து ஒரு சடங்கு செய்தால்தான் அந்தத் தடை விலகும். கசோண்டேக்கு அது முடிந்து ஏழு வருஷம். அதற்கப்புறம் இரண்டு பேரும் அடித்த கூத்து கொஞ்சமில்லை.

"உங்க பொண்ணு கிண்டுற களியை வெச்சு சுரங்கத்துல சுவரே எழுப்பலாம், அத்தை" என்பான் அவன்.

"அதைத் தின்னுதானே இந்தத் தொப்பை வந்துச்சு" என்பாள் அவள்.

இப்போது வேலையோடு சேர்ந்து அந்தச் சடங்கும் போய்விட்டதாம். அவள் சம்பளத்துக்குத்தான் மாமியார் என்று தெரு பேசியது. நானும் கொஞ்சம் கண், காது, மூக்கு வைத்துப் பேசினேன். மகள் மும்பி அழுது கேட்டும், கிழவி வாயைத் திறக்காமல் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

கசோண்டே தினமும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிவிட்டு வருவான். அவன் தலை தெரிந்ததும் அவள் கொல்லைக்குப் போய்விடுவாள். அவன் தட்டில் மட்டும் பெரிய துண்டுக் கருவாடாக விழுந்தது. அதை யார் கவனித்தார்கள்?

அவள் வந்த எட்டாம் நாள் கசோண்டே தோளில் பையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"சொல்வேசி ஊர்ச் சுரங்கத்துப் பக்கம் போறேன், தாத்தா. மும்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. பெத்தவ மாதிரி இருந்தவளே முகத்தைத் திருப்பிக்கிட்டா. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்ல உக்கார்றது?"

அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவர்கள் கொல்லையின் புல் வேலிக்கு வெளியே நிறுத்தினேன். 'சத்தம் போடாதே' என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனேன். கஃபுவே ஆற்றில் முதலைக்குப் பல் பிடுங்கியவன் நான். ஒரு மாமியாரிடம் பேச என்ன பயம்?

"ஏம்மா, வேலை இருந்தா மாப்பிள்ளை, இல்லைன்னா அந்நியனா?"

அவள் முணுமுணுப்பாக ஏதோ சொன்னாள்.

"எனக்குக் காது மந்தம். உரக்கச் சொல்லு" என்றேன். அதுவும் பொய்தான். நத்தை நடந்தால்கூட எனக்குக் கேட்கும்.

அவள் உரித்த அவரையைக் கீழே வைத்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

"என் புருஷனுக்கும் சுரங்கத்துல இப்படித்தான் வேலை போச்சு, பெரியவரே. என் அம்மா நல்லவ. தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு, 'ஏதாவது கிடைச்சுதா, மாப்பிள்ளை?'ன்னு பிரியமாத்தான் கேப்பா. அவரும் நாப்பது நாள் தலையைக் குனிஞ்சு பதில் சொன்னார். மறுநாள் போனவர் திரும்பியே வரலை."

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கசோண்டே என் முகத்தைப் பார்த்தா எனக்குப் பதில் சொல்லணும். எதுத்தாப்புல முகமே இல்லைன்னா, அந்தப் புள்ளை நிம்மதியா வந்து ஒரு வாய் சாப்பிடுமில்ல?"

வேலிக்கு அப்பால் பை தரையில் விழும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கசோண்டே வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தான், தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு, நேற்றுத்தான் கல்யாணமான புது மாப்பிள்ளையைப் போல.